இழுவைக் கொக்கி விஷயமாக நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாட்களாக வாட்ஸ்அப்பில் ஒரு படமும் ஒரு குரல் பதிவும் சுற்றி வருகின்றன. படத்தில் இருப்பது முறிந்துபோன இழுவைக் கொக்கி; டிரெய்லரை இழுக்க வண்டியின் பின்னால் மாட்டும், முனையில் இரும்பு உருண்டை உள்ள கொக்கி. "மன்னார்குடிப் பட்டறையில் மாட்டியது, இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை, சேஸில் வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள்" என்கிறது குரல். உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "அண்ணே, இது உண்மையா?" என்று கேட்டீர்கள். கேட்டவர்களுக்கு நன்றி. கேட்காமல் இருந்துவிட்டவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கொக்கி நாங்கள் மாட்டியதுதான். வாடிக்கையாளர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர். ஜெனரேட்டர் ஏற்றிய இரண்டு சக்கர டிரெய்லரை இழுப்பதற்காக ஆவணியில் மாட்டிக்கொண்டார். டிரெய்லரை எடை போட்டுப் பார்த்தே மாட்டினோம். ஒரு குறையும் இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. புரட்டாசிக் கடைசியில் பெய்த மழையில், தீவனம் ஏற்றி வந்த மினி லாரி ஒன்று பண்ணைக் கரையில் அச்சு வரை புதைந்துவிட்டது. கொக்கியின் உருண்டையில் சங்கிலியைச் சுற்றி, சங்கிலியைத் தளரவிட்டு, வண்டியை வேகமெடுத்து வெடுக்கென்று இழுத்திருக்கிறார்கள். இரண்டு முறை லாரி அசையவில்லை. மூன்றாம் முறை உருண்டையின் கழுத்து முறிந்து, சங்கிலியோடு பறந்து, லாரியின் முன் கண்ணாடியை நொறுக்கியது. ஓட்டுநர் இறங்கி நின்றிருந்ததால் உயிர் தப்பினார். ஆஸ்திரேலியாவில் இதே மாதிரி பறந்த உருண்டை பட்டு ஆட்கள் இறந்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்தபோது என் பட்டறையின் பெயரைவிட அந்த ஓட்டுநர்தான் முதலில் நினைவுக்கு வந்தார்.

டிரெய்லரை இழுப்பது வேறு, புதைந்த வண்டியைப் பிடுங்குவது வேறு. டிரெய்லருக்குச் சக்கரம் உருள்கிறது. கொக்கிக்கு வருவது சீரான இழுவை. நம் ஊர் களிமண்ணில் புதைந்த வண்டியோ, தன் எடையோடு சேற்றின் பிடிமானத்தையும் சேர்த்துக்கொள்கிறது. தொளியில் காலை விட்டு எடுத்தவர்களுக்கு அந்தப் பிடி தெரியும். அதை வெடுக்கென்று இழுக்கும்போது கொக்கிக்கு வரும் விசை, லாரியின் எடையையே தாண்டிவிடலாம். 50 மில்லிமீட்டர் உருண்டையும் அதன் மெல்லிய கழுத்தும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. புதைந்த வண்டியை எடுக்க, வண்டியின் அடிச்சட்டமான சேஸோடு சேர்ந்த மீட்பு வளையம் இருக்க வேண்டும். சங்கிலி கூடாது. நீண்டு கொடுக்கும் நைலான் கயிறுதான் வேண்டும். கயிற்றின் நடுவில் ஓர் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, ஆட்களை நன்றாக விலகி நிற்கச் சொல்ல வேண்டும். இதை அன்று அவரிடம் சொன்னேனா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். வாயால் சொன்னேன். எழுதிக் கொடுக்கவில்லை. அதற்காக அவரிடமும் அந்த ஓட்டுநரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இனி ஒவ்வொரு கொக்கியோடும் அச்சடித்த தாள் ஒன்று தருவோம்.

ஆனால் "வெல்டிங் வைத்து ஒட்டினார்கள்" என்ற சொல்லை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. 2003-ல் இந்தப் பட்டறையைத் தொடங்கிய நாளிலிருந்து எந்த வண்டியின் சேஸிலும் கொக்கிக்காக வெல்டிங் வைத்ததில்லை. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் சேஸ் இரும்பின் பலம் குறையும். பிறகு குலுங்கக் குலுங்க அந்த ஓரத்தில்தான் விரிசல் விடும். அதனால் கம்பெனி துளை விட்டிருக்கும் இடத்தில் தகடு வைத்து, போல்ட் போட்டு முறுக்குவதே எங்கள் வழக்கம். முறிந்த வண்டியைப் பட்டறைக்கு வரவழைத்து, உரிமையாளர் முன்னிலையில் கழற்றிப் பார்த்தோம். தகடு அப்படியே இருந்தது. ஆறு போல்ட்டும் இருந்தன. சேஸ் துளை ஒன்றுகூட நீளவில்லை. உருண்டையின் கழுத்தில் சங்கிலி கடித்த தடம் தெளிவாகத் தெரிந்தது. படத்தில் வெல்டிங் மாதிரித் தெரிவது, உருண்டைக்கும் கொக்கித் தண்டுக்கும் இடையில் ஒட்டியிருந்த கிரீஸும் சேறும். அந்தத் தகடும் முறிந்த உருண்டையும் இப்போது என் மேசையில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொரு செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்தொன்பது ஆண்டுகள் எங்களோடு இருந்த தலைமை மெக்கானிக் தம்பி ஆடியில் சிங்கப்பூர் போய்விட்டார். அவர் நன்றாக இருக்கட்டும். பிள்ளைகள் படிக்க வேண்டும் அல்லவா. அவர் கையைப் பார்த்தே வந்தவர்கள் உங்களில் பலர். புதிதாக வந்த இருவரும் நல்ல பிள்ளைகள், கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே வேலை முடிய ஒன்றிரண்டு நாள் கூடுதலாகும். கொக்கி மாட்டும் கூலி ஐப்பசி முதல் 1,800 ரூபாயிலிருந்து 2,400 ஆகிறது. ஆடி முதல் புரட்டாசி வரை கொக்கி மாட்டிக்கொண்டவர்கள் ஒருமுறை வந்து போல்ட்டுகளை முறுக்கிப் பார்த்துக்கொண்டு போங்கள். பத்து நிமிட வேலை, கட்டணம் இல்லை.

அடைமழை தொடங்கப்போகிறது. கரை ரோடுகளிலும் படுகைகளிலும் வண்டி எடுப்பவர்கள் தயவுசெய்து டிஃபரன்ஷியல் ஆயிலை, அதாவது அச்சில் இருக்கும் பல்சக்கரங்களுக்கான ஆயிலை, பார்த்துக்கொள்ளுங்கள். அச்சு உறையின் மேல் மூச்சுக்குழாய் ஒன்று இருக்கிறது. ஓடிச் சூடான அச்சு திடீரென்று வாய்க்கால் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் சேறு அடைத்துக் கிடந்தால், அந்தக் காற்றுக்குப் பதிலாக ஆயில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் பல்சக்கரமும் பேரிங்கும் போய்விடும். மூச்சுக்குழாயை ரப்பர் குழாய் வைத்து மேலே உயர்த்திவிடுவது சின்ன வேலைதான். மஹிந்திரா தார் (Thar) ஜீப்புக்கு 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. அது ஆழம் தெரிந்த, ஓடாத தண்ணீருக்கு. வெண்ணாற்றில் தண்ணீர் வரும்போது அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரை ஃபைபர் படகு இழுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். டிரெய்லர் சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும்போதே உப்புத் தண்ணீரில் இறக்கிவிட்டால் அதுவும் தண்ணீரைக் குடிக்கும். கால் மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

மணலில் போகிறவர்கள் ரோட்டில் 32 PSI வைத்திருக்கும் டயர் காற்றை 18, 20-க்கு இறக்கிக்கொள்ளலாம். ரோட்டுக்கு ஏறியவுடன் மறுபடி ஏற்ற மறக்கக் கூடாது. பழைய ஜீப், தார், ஜிம்னி எதுவானாலும், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டபடியே காய்ந்த தார் ரோட்டில் ஓட்டாதீர்கள். திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் போவதில்லை. சேற்றில் அந்த வித்தியாசத்தைச் சக்கரம் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் கியர்ப்பெட்டி இறுகிப்போகும்.

முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு வைத்துத் தரவில்லை என்று வருத்தப்படுபவர்கள் இருக்கிறீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக மாநிலங்களுக்கு உத்தரவு அனுப்பிவிட்டது. எங்களால் முடியாது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது இந்தப் பட்டறையின் தகரக் கூரை முழுவதும் பறந்துவிட்டது. மரம் விழுந்து கிடந்த ரோடுகளை உங்கள் வண்டிகளால் இழுத்துத் திறந்துகொண்டு நீங்கள்தான் முதலில் வந்தீர்கள். மின்சாரம் இல்லாத நாட்களில் ஒருவர் தன் பண்ணை ஜெனரேட்டரையே கொண்டு வந்து இங்கே வைத்துவிட்டுப் போனார். அந்த நன்றியை நான் மறந்தால் இந்தத் தொழிலுக்கே தகுதியில்லை. அதனால்தான் ஒரு குரல் பதிவுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

போல்ட் பார்க்க வரும்போது டிரெய்லரையும், வழக்கமாக ஏற்றும் சுமையோடு கொண்டு வாருங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கொக்கியின் மேல் அமர வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும். கூடினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன் சக்கரம் லேசாகிவிடும். கொக்கியை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது. வண்டியின் கையேடும் கூட இருக்கட்டும். பிரேக் உள்ள டிரெய்லருக்கும் இல்லாததற்கும் அதில் தனித்தனி எடை போட்டிருக்கும். காலை ஒன்பது மணிக்குப் பட்டறை திறந்திருக்கும். ஞாயிறு விடுமுறை.

நன்றியுடன்,
பட்டறை உரிமையாளர்,
மன்னார்குடி