கேசரி கிண்டாத ஆகஸ்ட் 11

தம்பி,

எப்போதும் பெயர் போட்டுத்தான் தொடங்குவேன். இந்தத் தடவை எந்தப் பெயரைப் போடுவது என்று தெரியாமல் கால் மணி நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்புறம் அம்மா உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுவிட்டேன். உன் புதுப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டாய், அதற்குக் கட்டுப்படுகிறேன்.

இன்று ஆகஸ்ட் 11, நான் உனக்கு வைத்த பெயருக்குச் சொந்தக்காரரான அமெரிக்கப் பகுத்தறிவுப் பேச்சாளர் இங்கர்சாலின் பிறந்தநாள். உன் பிறந்தநாளுக்கே சில வருஷம் கேசரி இல்லாமல் போயிருக்கிறது, இந்த நாளுக்கு ஒரு வருஷமும் தவறியதில்லை. காலையில் அம்மா ரவை டப்பாவை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். டப்பா திரும்பவும் அலமாரிக்குப் போய்விட்டது.

பெயரை மாற்றிக்கொண்டதைப் போனில் நீ சொன்னதற்கு ஒரே ஒரு 'சரி' சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டேனாம். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அமெரிக்கக் குடியுரிமைப் படிவத்திலேயே பெயரை மாற்றிக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள், உறுதிமொழி எடுக்கிற அன்றைக்கே நீதிபதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார் என்றாய். எனக்கு உறுத்தியது அதுதான். இவ்வளவு சுலபமாகவா?

எஃப்.என்.யூ. (First Name Unknown) விவகாரத்தில் தப்பு என்மேல்தான், மறைக்கவில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னவன் நான். 'அப்பா பேரையாவது அதுல போட்டு வச்சிடுங்க சார்' என்று பூர்த்தி செய்து கொடுத்தவர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். அவருக்குச் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து ஆரம்பித்து வகுப்பெடுத்தேன். 1929-இல் பெயருக்குப் பின்னால் வால் மாதிரித் தொங்கும் சாதிப் பட்டத்தை வெட்டச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். வெட்டினோம். வெட்டிய இடத்தில் வேறு எதையும் ஒட்டவில்லை. முன்னால் ஒரு இனிஷியல், அவ்வளவுதான். அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் அமெரிக்கக்காரன் உன் ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, சொந்தப் பெயர் தெரியவில்லை என்று மூன்று எழுத்தை விசாவில் அடித்துக் கொடுத்தான். லைசென்ஸிலும் அதுவே வந்தது. மருந்துக் கடையில் 'மிஸ்டர் ஃப்னூ' என்று கூப்பிடுகிறார்கள் என்று நீ சிரித்தபடி சொன்னபோது நானும் சிரித்தேன். 14 வருஷம் ஒருத்தனை அப்படிக் கூப்பிட்டால் அவனுக்குச் சிரிப்பு வராது என்பது உறைக்கவில்லை.

சரி, ஃப்னூவைத் தூக்கிப் போடு. இங்கர்சால் என்ன செய்தார் உன்னை? அவர் உங்கள் ஊர்க்காரர்தானே. இந்த ஊரில் எல்லாருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி வளர்ந்தாய், அந்த ஊரில் அந்தப் பெயருக்கு ஒருத்தனும் திரும்பிப் பார்க்கமாட்டான். ஒரு அமெரிக்கனின் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு அமெரிக்கன் ஆகியிருக்கிறாய். 'அவரை இங்க யாருக்குப்பா தெரியும், கம்ப்ரஸர் கம்பெனியான்னு கேக்கறாங்க' என்றாய். பியோரியாவில் சிலை இருக்கிறது. நியூயார்க் மாநிலத்து டிரெஸ்டனில் அவர் பிறந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை போய்ப் பார்த்து ஒரு போட்டோ அனுப்பு என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். அதே மாநிலத்து நயாகராவுக்கு மூன்று தடவை போய்வந்தாய்.

மருமகளைப் பற்றி எதுவும் எழுதமாட்டேன். இது அவள் யோசனை என்று நான் நினைக்கவில்லை. முதல் நாள் நினைத்தேன், அம்மா திட்டினாள்.

இந்த நாலு நாளாக வேறொன்று மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீ ஐந்தாம் வகுப்பு. எதிர்வீட்டு வாசலில் கோலம்கூட அழியாத ஒரு காலை நேரம், புதிதாக ஒரு பையன் வந்து 'இளங்கோ இருக்கானா?' என்று கேட்டான். அப்படி யாரும் இங்கே இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தபோது நீ உள்ளேயிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாய். மூன்று மாதமாகப் பள்ளிக்கூடத்தில் நீ இளங்கோ. புது டீச்சர் பெயரை வாசிக்கத் திணறியதும், வீட்டில் இளங்கோ என்றுதான் கூப்பிடுவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

மறுநாள் நான் வேலைக்கு லீவு போட்டேன். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி உன்னை வகுப்பில் எல்லார் முன்னாலும் நிறுத்தினேன். இங்கர்சால் யார் என்று நீ சொல்ல வேண்டும், ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ண வைத்திருந்தேன். '1833 ஆகஸ்ட் 11' வரைக்கும் நன்றாக வந்தாய். அப்புறம் உன் கை சட்டையின் கடைசிப் பட்டனுக்குப் போனது. திருகிக்கொண்டே உள்நாட்டுப் போரில் கர்னலாக இருந்ததைச் சொன்னாய். அதற்கடுத்தது மறந்துவிட்டது. நான் வாசலில் நின்று எடுத்துக் கொடுத்தேன். பட்டன் அறுந்து கையோடு வந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டென்று வாயில் போட்டுக்கொண்டாய். கன்னத்தில் பட்டனை அடக்கிக்கொண்டு 'இல்லினாய் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல்' என்று சொன்னாய். வகுப்பே சிரித்தது. டீச்சரும்.

இந்தக் கதையை எத்தனை கூட்டத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன், உனக்குத் தெரியும். பட்டனை மட்டும் ஒரு மேடையிலும் சொன்னதில்லை. அன்று ராத்திரி பட்டன் தைத்துக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னதை இப்போதும் எழுதமாட்டேன். தோழர்கள் படிக்கிறார்கள்.

அதற்காகப் பெயர் தப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரியார் குழந்தைகளைக் கையில் வாங்கி ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் பெயர் வைத்தார். 1953 மார்ச் 1-இல் கலைஞருக்குப் பிள்ளை பிறந்தது, 5-ஆம் தேதி சோவியத் தலைவர் இறந்தார், பிள்ளைக்கு ஸ்டாலின் என்று பெயர் வந்தது. முதலமைச்சராகிற வரைக்கும் அந்தப் பெயரோடுதானே போனார்? உன்னைக் கிண்டல் பண்ணினவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வைத்திருக்கிற பெயரைப் போய்க் கேள். தெருவில் ஒரு தன்விக், ஒரு ரித்விக், இரண்டு யஷ்விக். எண்கணிதக்காரன் சொன்னான் என்று ஒன்றுக்கு இரண்டாக எழுத்தைச் சேர்த்து எழுதுகிறார்கள். பாட்டிகள் பல்லைக் கடித்துக்கொண்டு 'எச்சுவிக்கு' என்று கூப்பிடுகிறார்கள். அதெல்லாம் விநோதம் இல்லையாம்.

ஆனால் நானும் மாற்றியவன்தான். மாரிமுத்து என்பது என் அண்ணன்கள் இரண்டு பேர் தங்காமல் போன பிறகு அப்பாயி வேண்டிக்கொண்டு வைத்த பெயர். 19 வயதில் அறிவழகன் ஆனேன். அப்பாயி கடைசி வரைக்கும் 'மாரி' என்றுதான் கூப்பிட்டது. தோழர்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பேன். இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தண்ணிச் செம்பை அதுவே கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும். நான் கொள்கைக்காக மாற்றினேன், நீ வசதிக்காக மாற்றினாய் என்று இந்த இடத்தில் எழுதினேன். அடித்துவிட்டேன். திரும்ப எழுதினேன், திரும்ப அடித்துவிட்டேன்.

இன்னொன்று. இங்கர்சாலின் அப்பா ஒரு பாதிரியார். உனக்கு எழுதிக் கொடுத்த பேச்சில் அந்த வரியை நான் சேர்க்கவில்லை.

புதுப் பெயருக்குப் பின்னால் என் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்திருப்பதாகச் சொன்னாயே, அப்போதுதான் நான் டிவி பக்கம் திரும்பினேன். டிவி ஓடவில்லை, அம்மா கவனிக்கவில்லை போல. அந்த 'ழ'வை வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் என்ன பாடுபடப் போகிறாயோ. பெயரே வேண்டாம் என்றவன் அதை எதற்கு இழுத்துக்கொண்டாய்?

படிக்கிற தோழர்கள் யாரும் போன் போட்டு எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். அவனைத் திட்டவும் வேண்டாம்.

நேற்று நாரத்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கூரியரில் போட்டேன். கவுண்டரில் இருந்த பெண் யார் பெயருக்கு என்று கேட்டதும் பழக்கத்தில் இங்கர்சால் என்று சொல்லிவிட்டேன். எழுத்துக்கூட்டச் சொன்னாள், சொன்னேன். ரசீதைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது, மாற்றச் சொல்லவில்லை. பத்து நாளில் வந்துவிடுமாம். பழைய கார்டு ஏதாவது தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். ஊறுகாய்க்கு உப்பு கொஞ்சம் கூட.

அப்பா