தென்னை உயரமா, நிலம் உயரமா?

மட்டக்களப்பு
செப்டம்பர் 14

அன்பின் குட்டி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபம் இருந்தால் நேரில் வந்து தீர்த்துக்கொள், இறால் வாங்கி வைத்திருப்பேன். அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது, இப்போது கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்கிறா. பெரியக்காவின் மகளுக்கு வந்தாறுமூலைக் கம்பஸ் கிடைத்திருக்கிறது. அதுவும் புவியியல்! வாழைச்சேனையாள் வீட்டுக்கு மூன்றாம் முறையும் பெயின்ற் மாற்றியிருக்கிறாள், நிறத்தைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். வீட்டுச் செய்தி அவ்வளவுதான். இனி என்ட ஆய்வுக் கதையைக் கேள்கா. உன்னைத் தவிர வேறு ஆரிடமும் இதைச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது.

முதுமாணி ஆய்வுக்கு வவுணதீவுப் பக்கம் வெள்ளம் ஏறும் இடங்களை வரைகிறேன் என்று சொன்னேனே, அந்தப் படத்தை வைகாசியிலேயே முடித்துவிட்டேன். நில உயரத் தரவுக்கு எஸ்ஆர்டிஎம் என்ற விண்வெளி அளவீடு. 2000 பெப்ரவரியில் எண்டேவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்தது, காசில்லாமல் கிடைக்கிறது, 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரு உயரம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்தால் தண்ணீர் எவ்வழி வரும் என்று பார்த்து, ஆபத்தான இடத்துக்குச் சிவப்பும் பாதுகாப்பான இடத்துக்குப் பச்சையும் போட்டேன். பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வலையிறவுப் பாலம் தாண்டிப் போய், ஒரு ஊரில் கமக்காரர் கூட்டத்தில் விரித்தேன்.

எல்லாரும் நல்ல படம் என்றார்கள். முந்தி வட்டவிதானையாக, வயல் வேலைகளைப் பார்க்கும் தலைவராக, இருந்த ஒரு பெரியவர் மட்டும் பேசாமல் கன நேரம் பார்த்தார்.

“எங்கட ஊருக்கு என்ன நிறம் புள்ள?”

“பச்சை, பெரியப்பா. வெள்ளம் வராத இடம்.”

ஒன்றும் சொல்லாமல் எழும்பி, என்னைக் கோயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மடப்பள்ளிச் சுவரில் ஒரு கோடு. 2011 ஜனவரி வெள்ளம் நின்ற அளவு. என் இடுப்புக்கு வந்தது கா. பிறகு அந்தப் படத்தைத் திரும்ப விரித்து, ஊரைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். “மேலயிருந்து பாத்தவனுக்குத் தென்னந்தலைதான் தெரிஞ்சிருக்கும். தென்னதான் உசரம் புள்ள. நிலம் உசரமில்ல.”

அன்றிரவு நான் படுக்கவில்லை. அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த ரேடார் அலை மரச்செறிவைத் தாண்டி முழுசாக நிலத்துக்கு இறங்காது. தோப்புக்குள் அது தருகிற உயரம் மரத்தலைக்கும் மண்ணுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். சுற்றியுள்ள வயல் வெட்டவெளி, அங்கே தரவு ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஆகவே படத்தில் எங்கட ஊர்கள் எல்லாம் வயல் வட்டைக்கு நடுவில் குன்றுபோல எழும்பி நிற்கின்றன. போதாததுக்கு அந்தத் தரவு முழு மீட்டர்க் கணக்கு. வாவிக்கு மேற்கே இந்தப் படுவான்கரையில் அரை மீட்டர்தான் நனைந்த வீட்டுக்கும் நனையாத வீட்டுக்கும் உள்ள வித்தியாசம். வெள்ள நாளில் எடுத்த செய்மதிப் படத்தைப் பார்க்கலாமே என்பாய். மாரியில் வானம் முழுக்க முகில், சாதாரணப் படத்தில் ஒன்றும் தெரியாது. சென்டினல் ஒன்று என்ற செய்மதியின் ரேடார் முகிலை ஊடுருவும், ஆனால் தென்னைக்குக் கீழே நிற்கிற தண்ணீர் பெரும்பாலும் அதற்கும் அகப்படாது.

யோசித்துப் பார். அந்தப் படம் ஒரு திட்ட அறிக்கைக்குள் போயிருந்தால், பச்சை நிறத்தைப் பார்த்து அங்கேயே இடைத்தங்கல் முகாம் போட்டிருப்பார்கள். சனம் பிள்ளைகளோடு போய் ஏறியிருக்கும். வரைந்தது நான்.

சுனாமிக்குப் பிறகு 2005இல் நாங்கள் இரண்டு பேரும் நாவலடியில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கா? வடக்குக் கிழக்குக்குக் கரையிலிருந்து 200 மீட்டர், தெற்குக்கும் மேற்குக்கும் 100 மீட்டர், அதற்குள் வீடு கட்டக்கூடாது என்று சொன்ன காலம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற ஒடுங்கிய மணலில் 200 மீட்டரை அளந்துவிட்டு நீ நாடாவை எறிந்தாய். “இந்தக் கோட்டக் கீறினவன் இஞ்ச வந்து ஒருக்கா நடந்திருந்தா கீறியிருக்க மாட்டான்” என்றாய். பிறகு அந்த விதியைத் தளர்த்தினார்கள். நீ அன்று சொன்ன சொல் இன்று என்னைக் கேட்கிறது. ஊர்கள் அறுகோணமாக அமையும் என்ற கிறிஸ்டாலரின் கொள்கை எங்கட கரைக்குப் பொருந்தாது, இங்கே ஊர்கள் நூலில் கோத்த மணி மாதிரி என்று தாடி சேரோடு நீ மல்லுக்கட்டியதும் சரிதான்டி. அவர் புள்ளியைக் குறைத்ததுதான் பிழை.

மறுகா நான் அந்தப் பெரியவரிடம் ஐந்து தரம் போய்விட்டேன். அவருக்கு ஒவ்வொரு வயல் கண்டத்துக்கும் பெயர் தெரியும். மேட்டுக்கண்டம் எது, பள்ளக்காணி எது, எந்த வரம்பு முதலில் உடையும், எந்த வீட்டு முற்றத்துக்கு மாடு தானாக ஏறிப்போகும், எல்லாம். எங்கட மாவட்டத்து ஊர்ப்பெயர்களை ஒருக்காச் சொல்லிப்பார்: திராய்மடு, பாலமீன்மடு, மணற்பிட்டி, வவுணதீவு, திமிலைதீவு. மடு, பிட்டி, தீவு! நிலம் எங்கே தாழும், எங்கே எழும்பும், எதைத் தண்ணீர் சூழும் என்று பெயர் வைத்தவர்கள் சொல்லிவிட்டல்லவா போயிருக்கிறார்கள்? 1957 வெள்ளம் நடக்கும்போது அவர் சின்னப் பொடியன். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டத் தாமதித்தால் வாவித் தண்ணீர் எவ்வளவு தூரம் பின்னுக்கு ஏறும் என்று அவர் கையால் காட்டுகிறார். என் வெள்ள மாதிரியில் முகத்துவாரமே இல்லை கா! வாய் மணலால் அடைபட்டிருக்கா திறந்திருக்கா என்று கேட்காமல் இந்த வாவிக்கு ஒரு வெள்ளக் கணக்குப் போடலாமா?

இதையெல்லாம் மேற்பார்வை செய்கிறவரிடம் கொண்டுபோனேன். “கிழவர்மாரின் கதை தரவாகாது. தலைப்பை மாற்றி, செய்மதிப் படத்தில் 20 வருடக் கரையோர மாற்றம் என்று செய்யுங்கள், மூன்று மாதத்தில் முடியும்” என்றார். மனம் நொந்துபோனேன். ஆனால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. நினைவு பிசகும், கோடும் பிசகும். அதனால்தான் அளக்க வேண்டும் என்கிறேன். போன் ஜிபிஎஸ் இதற்கு உதவாது. கல்லடிக் கடற்கரையில் நின்று மூல அளவைப் பார்த்தால் 90 மீட்டருக்கும் கீழே நிற்பதாகக் காட்டும். இந்த மூலையில் கடல்மட்டமே ஜிபிஎஸ் பூமியின் வடிவமாகக் கணக்கில் வைத்த நீள்கோளத்துக்கு அவ்வளவு கீழேதான் கிடக்கிறது. ஆகவே பழைய முறைதான். நில அளவைத் திணைக்களம் உயரம் குறித்து வைத்த பென்ச் மார்க்கில் தொடங்கி, லெவல் கருவியால் கோயில் சுவர்க் கோடு, பள்ளிக்கூடப் படி, முப்பது நாற்பது முற்றம், வாவிக் கரை என்று சதமமீட்டர்க் கணக்கில் உயரம் எடுப்பேன். பிறகு பெரியவர்கள் சொன்ன பெயரையும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிசகுகிறது என்று அப்போது தெரியும். தலைப்பை மாற்ற மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வருடம் பிந்தினால் பிந்தட்டும்.

அதுக்குத்தான் நீ. மொறட்டுவையில் நகரத் திட்டமிடல் படித்தவள், கருவி வைத்திருக்கிற ஆக்களைத் தெரிந்தவள். ஒரு லெவலும் இரண்டு ஸ்டாஃப் அளவுகோலும் இரண்டு கிழமைக்கு வாடகைக்கு எடுத்துத் தா, காசு நான் அனுப்புகிறேன். ஐப்பசி பிறந்து விதைப்புத் தொடங்கினால் வரம்பில் கால்வைக்க முடியாது, அதற்கு முன்னம் வேண்டும். உன்னால் லீவு எடுக்க ஏலுமென்றால் நீயே கொண்டு உதயதேவியில் வா. ஸ்டேசனுக்கு நான் வருவேன்.

அன்புடன்,
உன்ட பழைய றூம்காரி

பி.கு.: ஸ்டாஃப் பிடிக்க ஆள் தேடவேண்டாமாம், பெரியவர் தன் பேரனைத் தருகிறாராம். உனக்கு எருமைத் தயிரும் சொல்லி வைத்திருக்கிறார். எத்தனை முட்டி என்று மட்டும் எழுது.