கூடத்தில் உட்கார்ந்தே போட்டுக்கொள்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் இருக்கிறது, தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகிறது. போனில் பேசலாம் என்றுதான் பார்த்தேன். எடுத்தால் "ம்" என்கிறாய், "மீட்டிங் இருக்கும்மா" என்கிறாய். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது. அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று புரட்டாசி கடைசி சனிக்கிழமை, படையல் போட்டோம். இன்று விடிந்ததும் அதிரசத்துக்கு மாவு கிளறிவிட்டேன். தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது, நன்றாக ஊறும். ஒரு கிலோ அரிசி, முக்கால் கிலோ வெல்லம், சுக்கு, ஏலக்காய். பாகை ஒரு சொட்டு கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தேன். கரையாமல் மெத்தென்று திரண்டு வந்தது. பாட்டி இருந்திருந்தால் இந்தப் பதத்துக்குக் குறை சொல்லியிருக்க மாட்டாள். நோன்புக்கு 21 எடுத்து வைத்தது போக மீதி நமக்குத்தான்.

நீ வருகிறாயா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை. போன வருஷம் வந்த அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டாய். விநாயகர் சதுர்த்திக்கும் வரவில்லை. வேலை அதிகம் என்றாய். இருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை.

சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் இருக்கிறதா? இங்கே ரெண்டு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். உன் மீட்டருக்குச் சேருவதுதான், உன்னிடம் வந்துவிட்டுப் போன தம்பியிடம் கேட்டுத்தான் வாங்கினேன். அவன் வேறெதுவும் சொல்லவில்லை. அக்கா நன்றாகக் கவனித்துக்கொண்டாள், ரெண்டு நாளும் தோசை சுட்டுப் போட்டாள் என்றான், அவ்வளவுதான்.

ராத்திரி இன்சுலின் ஊசியை மட்டும் விடாதே கண்ணு. சாப்பிடாத நாளிலும் விடாதே. நோன்பு, விரதம், பசியில்லை, பிடிக்கவில்லை, எதுவாக இருந்தாலும் அந்த ஒரு ஊசி போட்டாக வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறும், கீட்டோன் என்கிற அமிலம் ரத்தத்தில் சேர்ந்துவிடும். உனக்குத் தெரியாததா? சர்க்கரை 250-க்கு மேல் போய் அங்கேயே நின்றால் கீட்டோன் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். தெரிந்தும் சொல்கிறேன்.

வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பாதே. அன்றைக்கு மொத்த பெங்களூரும் ஓசூர் ரோட்டில்தான் நிற்கும். அத்திப்பள்ளி தாண்டவே ராத்திரி ஆகிவிடும், அப்புறம் கிருஷ்ணகிரி, வேலூர், நம்ம ஊர். இன்சுலின் பையைப் பஸ்ஸின் அடியில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொள், கீழே எஞ்சின் சூடு. பிஸ்கட்டும் குளுக்கோஸும் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை.

அதிரசம் சாப்பிடக்கூடாது என்று இந்த வருஷம் நான் சொல்லப்போவதில்லை. கணக்கே போட்டுவிட்டேன். பத்தாவது படிக்கும்போது உன் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இட்லி, தோசை, பொங்கல் எல்லாவற்றுக்கும் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று எழுதி வைத்தாயே, அதை இன்னும் வைத்திருக்கிறேன். அரிசியில் 100 கிராமுக்கு 80, வெல்லத்தில் 85 என்று வைத்துக்கொண்டேன். எலுமிச்சை அளவு உருட்டினால் மொத்த மாவுக்கு 60 உருண்டை வருகிறது. ஒரு அதிரசத்துக்கு 24 கிராம் கிட்ட. அதற்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்பது உன் கணக்கு, நான் அதில் தலையிடவில்லை. எண்ணெயில் சுட்டது மெதுவாக ஏறும், மூன்று நான்கு மணி நேரம் கழித்தும் ஏறிக்கொண்டிருக்கும். சாயங்காலம் சாப்பிட்டால் படுக்கும் முன்னும் ஒரு தடவை பார்த்துவிடு. தீபாவளி லேகியத்தை மருந்து என்று யாராவது உள்ளங்கையில் உருட்டி வைப்பார்கள். அதிலும் வெல்லம், நெய், தேன் எல்லாம் இருக்கிறது. கருப்பட்டியும் அப்படித்தான், அதற்குத் தனிச் சலுகை கிடையாது.

17 வருஷம். ஒரு நாளைக்கு நாலு ஊசி என்றால் இருபத்து நாலாயிரத்துக்கு மேல் வருகிறது, அதையும் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். என் கையில் ஒரு தையல் ஊசி ஏறினாலே நான் அப்பாவைக் கூப்பிடுவேன். பன்னிரண்டு வயசில் தொடங்கி, அதோடு பரீட்சை எழுதி, காலேஜ் முடித்து, தெரியாத ஊரில் தனியாக வேலை பார்க்கிறாய். நம் குடும்பத்தில் வேறு யார் செய்தார்கள்? ஆனால் இவ்வளவு செய்கிறவள் ஒரு போன் எடுக்க மாட்டேன் என்கிறாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, மறைத்து எழுத எனக்கு வரவில்லை. தம்பி சொன்னான். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினான், அவன் மேல் கோபப்படாதே. மீட்டரில் கடைசியாகப் பார்த்தது மூன்று வாரத்துக்கு முந்தின தேதி என்றான். தோசை சுட்டுப் போட்ட நீ ஒன்றும் சாப்பிடவில்லை என்றான். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க ஜன்னல் திரையை விலக்காமல் படுத்திருந்தாயாம். ஆடி மாதம் போனில் நீ "சலிச்சுப் போச்சும்மா" என்றாய். என்ன சலித்தது என்று நான் கேட்கவில்லை. "சாப்பிட்டியா" என்று கேட்டேன். அந்த ஒரு வார்த்தை ரெண்டரை மாசமாக என் காதிலேயே இருக்கிறது.

நம்ம சுகர் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நீ இல்லாமல் நான் மட்டும் போனது அவருக்கே ஆச்சரியம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவது மற்றவர்களைவிட ரெண்டு மூன்று மடங்கு அதிகம் என்றார். எந்நேரமும் எண்ணிக்கொண்டே இருப்பதில் வரும் சலிப்புக்கு அவர்கள் படிப்பிலேயே ஒரு பெயர் இருக்கிறதாம், அது சோம்பலும் இல்லை, அலட்சியமும் இல்லையாம். மனசு வாடினால் சர்க்கரை ஏறும், ஏறினால் இன்னும் வாடும் என்றார். 14416 என்று ஒரு நம்பர் கொடுத்தார். அரசாங்கத்தின் டெலி மானஸ், காசு கிடையாது, தமிழில் பேசலாம், நடு ராத்திரியிலும் எடுப்பார்கள். நானே கூப்பிட்டேன். உனக்காகக் கேட்கத்தான் கூப்பிட்டேன். பேசப் பேச என் கதையாகிவிட்டது.

அங்கே சொன்னதை உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். 2009 தீபாவளி. காஞ்சிபுரத்திலிருந்து பெரியத்தை குடும்பமே வந்திருந்தது. விடியற்காலையில் நான் உன்னிடம், சாமான் அறைக்குள் போய் ஊசி போட்டுக்கொள், கதவைச் சாத்திக்கொள் என்றேன். குளுக்கோஸ் பாக்கெட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தவளும் நான்தான். ஊசி போட்டு வந்தவளை உட்கார வைத்து எண்ணெய் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். சூடு பட்டால் இன்சுலின் சீக்கிரம் ரத்தத்தில் இறங்கி சர்க்கரையைக் குறைத்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் டிபன் தாமதமானது தெரியும். உன் முகம் வெளுத்ததும் தெரியும். அத்தனை பேர் நடுவில் உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உனக்கும் சொல்ல வரவில்லை. நீயாகவே எழுந்து போனாய்.

நான் போய்க் கதவைத் திறந்தபோது டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். பாவாடை வேர்வையில் நனைந்திருந்தது. பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரிக்கப் பார்த்து, தாடையெல்லாம் வெள்ளை மாவு. மீட்டரில் சர்க்கரை 41-க்கு இறங்கியிருந்தது. கலக்கிக் கொடுத்தேன், குடித்தாய். ஒரு கால் மணி நேரத்தில் தெளிந்தாய். அப்புறம் நான் செய்ததுதான் இருக்கிறதே. முகத்தைத் துடைத்து, புதுப் பாவாடை கட்டிவிட்டு, "சிரிச்ச முகமா வந்து உட்காரு" என்று கூடத்துக்குக் கூட்டி வந்தேன். பெரியத்தை கேட்டதற்கு, பித்தம், எண்ணெய் ஒத்துக்கவில்லை என்றேன். நீயும் சிரித்தாய். பதிமூணு வயசுப் பிள்ளை.

பெண் பிள்ளையாயிற்றே, வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் வந்து கேட்பார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்தை உன் தலையில் இறக்கி வைத்தேன். முடியாமல் போகும்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று நான் பழக்கியதைத்தான் இப்போது பெங்களூரில் செய்கிறாய். அது உன் தப்பில்லை பாப்பா. என் தப்பு. இதைச் சொல்ல எனக்கு 16 வருஷம் ஆகியிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை பெரியத்தைக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வயசிலிருந்து இன்சுலின் போடுகிறாள், அன்றைக்குப் பித்தமெல்லாம் இல்லை, சர்க்கரை இறங்கிவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஆவாரம்பூ கஷாயம் கொடுத்துப் பார்த்தாயா என்றார்கள். உடம்பில் இன்சுலினே சுரக்காது அத்தை, ஊசிதான் அவள் உயிர் என்றேன். கல்யாணப் பேச்சையும் தீபாவளி அன்றைக்கு யாரும் எடுக்கக் கூடாது என்றேன். அப்பா தறியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தறியை நிறுத்திவிட்டார்.

கூடத்து அலமாரியில் உன் ஸ்கூல் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு காலி பண்ணியிருக்கிறேன். மீட்டர், இன்சுலின் பேனா, குளுக்கோஸ் எல்லாம் அங்கேதான். ஊசியைக் கூடத்தில் உட்கார்ந்தே போட்டுக்கொள், யார் இருந்தாலும் சரி. குளிக்க வெதுவெதுப்பாகத்தான் தண்ணீர் வைப்பேன், முதலில் குளியல், அப்புறம் ஊசி, உடனே இட்லி. பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே, படுத்துக்கொள். நான் கேள்வி கேட்க மாட்டேன். கதவை மட்டும் திறந்து வை.

ராத்திரி ஊசியை விடாதே. இன்றைக்கு ஒரு தடவையாவது சுகர் பார். என்ன நம்பர் வந்தாலும் எனக்கு அனுப்பு, நான் திட்ட மாட்டேன்.

வர முடியவில்லை என்றால் அதையும் சொல்லிவிடு. நானும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வந்துவிடுகிறோம். மாவைத் தூக்கில் எடுத்து வருகிறேன், உன் ரூமிலேயே சுட்டுக்கொள்ளலாம். அங்கே வாணலி இருக்கிறதா, இல்லை நான் எடுத்து வரட்டுமா?

அம்மா