பூட்டிக் கிடக்கும் மாடிகளும் கந்தோர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகருக்குள் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை வாடகைக்கு எடுத்து, அரச கந்தோர்களை (அலுவலகங்களை) அங்கே மாற்றும் யோசனை எனக்குச் சந்தோசம்தான். 2007இல் கிழக்கு, வடக்கிலிருந்து பிரிந்து தனி மாகாணமான பிறகும் திணைக்களங்கள் உவர்மலையில் சில, கன்னியா வீதியில் சில என்று சிதறித்தான் கிடக்கின்றன. மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் வந்து இறங்குகிற நாங்கள், ஒரு கையெழுத்துக்காக உவர்மலை மேட்டுக்கு ஆட்டோ பிடிக்கிறோம். பஸ் காசைவிட அது கூட! பஸ் நிலையத்துக்குக் கிட்ட என்றால் நடந்தே போகலாம், வழியில் ஒரு பிளேன்டீயும் குடிக்கலாம்.

ஆனால் நான் பார்த்தவரை காலியாக இருப்பவை மேல்மாடிகள். முழங்கால் வலியோடு பென்சன் அலுவலாக வருகிறவர் எப்படி ஏறுவார்? லிஃப்ட் இல்லாவிட்டால் கவுண்டரையாவது கீழே வையுங்கள். அப்புறம், எந்தக் கட்டடம், வாடகை எவ்வளவு என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே பகிரங்கமாகச் சொல்லுங்கள்.

– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், மூதூர்