எட்டாம் வகுப்பு அச்சுக்கலைப் பாடம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

பிள்ளைகள் இரண்டு வாரமாகச் சட்டையில் மைக்கறையோடு வீடு திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். கானா நாட்டில் அடிங்க்ரா என்னும் அடையாளங்களை அச்சிட்ட துணிகளை வைத்து அச்சுக்கலை படிக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கலை என்று மொத்தமாகச் சொல்லி ஒரு முகமூடி வரையச் சொல்லி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ள கண்டம் அது. அதனால் ஒரே ஒரு மக்கள், ஒரே ஒரு தொழில் என்று எடுத்துக்கொண்டோம்.

கானாவின் குமாசி நகருக்குப் பக்கத்தில் இன்டோன்சோ என்று ஓர் ஊர். அங்கே சுரைக்குடுக்கை ஓட்டில் அடையாளத்தைச் செதுக்கி, பின்னால் குச்சிகளைக் கட்டிப் பிடியாக்கி, மரப்பட்டையை மணிக்கணக்கில் காய்ச்சி எடுத்த கறுப்பு மையில் தோய்த்துத் துணியில் பதிக்கிறார்கள். முன்பெல்லாம் பெரும்பாலும் துக்க வீட்டுக்கு உடுத்திப்போன துணி இது. 1817இல் ஆங்கிலேயர் ஒருவர் கொண்டுபோன துணி இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒரு பொருள் உண்டு, பலவற்றுக்குப் பின்னால் பழமொழியே உண்டு. சங்கோஃபா என்பது தலையைத் திருப்பித் தன் முதுகுப்பக்கம் பார்க்கும் பறவை. மறந்து விட்டு வந்ததைத் திரும்பிப்போய் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை என்று அர்த்தம். இதைக் கேட்டதும், போன வருடம் ஊர் மாறி வந்த ஒரு மாணவி, "எங்க பழைய வீட்டு முருங்கை மரத்தைச் செதுக்கலாமா?" என்று கேட்டாள். இந்தப் பாடத்தில் நான் எதிர்பார்த்தது அதைத்தான்.

நம்ம கோலம் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. தினமும் தாண்டிப் போகிற கோலத்தைப் பிள்ளைகள் உற்றுப் பார்ப்பதில்லை. இன்னொருவர் துணியில் ஒரு கோட்டுக்கு இவ்வளவு பொருள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், பாட்டியிடம் போய் நம் கோலத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அப்புறம் ஒன்று, இந்தத் துணியை அச்சிடும் அக்கான் மக்களின் அடையாளங்களைப் பயிற்சிக்கு மட்டுமே வரைகிறோம். லினோ என்ற, செதுக்க எளிதான மென்மையான அச்சுப் பலகையில் செதுக்குவது அவரவர் சொந்த அடையாளம்.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். வடிவத்தை நீங்கள் வரைந்து கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. குடும்பம் எங்கிருந்து வந்தது, தாத்தா என்ன தொழில் செய்தார், வீட்டில் எதைத் தூக்கிப்போட மனசு வராமல் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள், போதும். எழுத்தை நேராகச் செதுக்கினால் அச்சில் இடவலமாக மாறி விழும். அப்படி ஆகிப் பிள்ளை வருத்தப்பட்டால் விடுங்கள், இன்னொரு பலகை தருகிறோம். செதுக்குக் கத்தி பள்ளியிலேயே இருக்கும், வெட்டும் திசையில் கை வைக்கக் கூடாது என்பதை ஆசிரியர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்கிறார். திங்கட்கிழமை ஒரு பழைய சட்டையும், துவைத்த பழைய வேட்டித் துண்டு ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். பாலியஸ்டர் வேண்டாம், மை சரியாகப் பிடிக்காது.

அன்புடன்,
தலைமையாசிரியர்