உள்ள போயிட்டு தான் கதவ சாத்தணும்

மாப்ள,

உன் மெயில் கெடைச்சுது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வாக்கர் புடிச்சு நடக்குறாங்கன்னு படிச்சப்புறம் தான் எனக்கு நிம்மதி, பிசியோதெரபிய மட்டும் பாதியில விட்றாதீங்கடா. பெய்ஜிங்ல இன்னும் வெயில் கொறையல, நான் நல்லா இருக்கேன், ஆபீஸ் விட்டா நேரா சீன எழுத்து கிளாஸ் தான், இப்போதைக்கு வேற எதுலயும் மனசு போகல.

பாப்பா பஞ்சாயத்துக்கு வரேன். அவ சென்னையில ஜப்பானீஸ் கிளாஸ் போறா, நான் வீடியோ கால்ல "ராஜா"ன்னு அர்த்தம் வர்ற எழுத்த (அது ரெண்டு மொழிக்கும் பொது) எழுதிக் காட்டுனதும் மாமா கோடு போடுற வரிசை தப்புன்னு சொல்லிட்டாளாமே. ரெண்டும் சரி தான்டா. மூணு படுத்த கோடு, நடுவுல ஒரு நின்ன கோடு, அவ்ளோ தான் அந்த எழுத்து. இங்க மேல ரெண்டு படுத்த கோட்டப் போட்டுட்டு அப்புறம் நின்ன கோடு, கடைசில அடிக்கோடு. ஜப்பான்ல மேல் கோடு முடிஞ்ச கையோட நின்ன கோட்ட எறக்கிடுவாங்க. "வலது"ங்கற எழுத்தும் அப்படித்தான், இங்க படுத்த கோட்டுல ஆரம்பிக்கணும், அங்க சாய்ஞ்ச கோட்டுல. அவள மாத்தச் சொல்லாத, அவ படிக்கிற மொழி வரிசையே கைக்கு பழகட்டும்.

அப்புறம் நீ கேட்டியே, எப்படி எழுதுனா என்ன, கடைசில உருவம் ஒண்ணு தானேன்னு. அச்சு மாதிரி நிறுத்தி எழுதுனா ஒண்ணு தான். ஆனா நிஜத்துல யாரும் அப்படி எழுத மாட்டாங்க மாப்ள, கடைக்காரர் சீட்டுல கிறுக்குறப்போ பேனா பேப்பர விட்டு எழும்பாது, ஒரு கோட்டுல இருந்து அடுத்த கோட்டுக்கு இழுத்துக்கிட்டே போகும், அந்த இழுப்பு வரிசைப்படி தான் போகும். வரிசை தெரிஞ்சவனுக்கு அது எழுத்து, தெரியாதவனுக்கு வெறும் நூல்சிக்கு. எனக்கு அடுத்தவங்க கையெழுத்து புரிய ஆரம்பிச்சதே வரிசை கைக்கு வந்த பிறகு தான்.

பொது விதி ரொம்ப இல்ல, மேல இருந்து கீழ, இடமிருந்து வலம், குறுக்க வெட்டுனா படுத்த கோடு முதல்ல. "தண்ணி"க்கு நடுக்கோடு முதல்ல, அப்புறம் ரெண்டு பக்கம். "நாடு" எழுத்து ஒரு பெட்டிக்குள்ள இன்னொரு எழுத்து, மொத்தம் எட்டு கோடு, இடது சுவர், அப்புறம் மேலயும் வலதும் சேர்த்து ஒரே மடிப்பு, பிறகு உள்ள இருக்கிறது எல்லாம், கடைசியா அடிக்கோடு. ஆளு உள்ள போயிட்டு தான் கதவ சாத்தணும்னு இங்க பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறாங்க, ஒரு தடவ கேட்டா மறக்காது. ஆனா விதிய மட்டும் நம்பவும் முடியாது, "ஒன்பது"ம் "பலம்"மும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், முதல்ல சாய்ஞ்ச கோடு தான் ஒன்பதுக்கு, பலத்துக்கு அது கடைசி. இதெல்லாம் விரல்ல தான் ஏறணும். கிளாஸ்ல டீச்சர் ஆள்காட்டி விரல தூக்கி காத்துல எழுதுவாங்க, நாங்களும் கூடவே "ஹெங், ஷூ, பியே, நா"ன்னு கோட்டோட பேர சத்தமா சொல்லிக்கிட்டே எழுதணும். ஆபீஸ் போற பெரியவங்க பத்து பேர் சேர்ந்து அப்படி எழுதுறது எனக்கு ரொம்பப் புடிக்கும்.

இங்க "தியான்தான்"னு ஒரு பழைய கோயில் பூங்கா இருக்கு, அங்க காலைல பெரியவங்க நீளக் குச்சியில ஸ்பாஞ்ச் பிரஷ் கட்டி, தண்ணில தொட்டு தரையில எழுதுவாங்க. வெயில்ல முதல்ல போட்ட கோடு முதல்ல காயும், கடைசிக் கோடு மட்டும் கருப்பா நிக்கும், உத்துப் பாத்தா வரிசை அப்படியே தெரியும். அங்க ஒருத்தர் கிட்ட தான் "யோங்" எழுத்த பாத்துக் கத்துக்கிட்டேன். நித்தியம்னு அர்த்தம். இன்னிக்கு கணக்குல அஞ்சே கோடு, ஆனா பிரஷ் பிடிக்கிறவங்க அதுல எட்டு விதமான அசைவு சொல்வாங்க, அது வந்துட்டா மத்ததெல்லாம் வரும்னு. 353ல வாங் ஷிட்ஷிங்கற பெரிய எழுத்துக்கலை மேதை எழுதுன லான்டிங் கவிதைத் தொகுப்பு முன்னுரையோட முதல் எழுத்தே அது தான். மூலம் தொலைஞ்சு போச்சு, நகல் தான் இருக்கு, அந்த நகலயே இன்னும் பாத்துப் பாத்து எழுதுறாங்க.

அரசாங்கமும் இதுல கறார். 1997ல 7000 எழுத்துக்கு வரிசை அச்சடிச்சு குடுத்தாங்க, 2021 மார்ச்ல இருந்து 8105 எழுத்துக்கு இருக்கு. பேர் பட்டியல் கூட பல இடத்துல குடும்பப்பேருக்கு எத்தன கோடுன்னு எண்ணித் தான் அடுக்குறாங்க. இதுல வருத்தம் என்னன்னா, போன்ல பின்யின், அதாவது சீன உச்சரிப்ப இங்கிலீஷ் எழுத்துல, தட்டித் தட்டி, பேனா எடுத்தா எழுத்து மறந்து போகுதுன்னு இங்கயே பொறந்து வளந்தவங்க சொல்றாங்க. படிக்கத் தெரியுது, எழுத வரல. அதனாலயே பாப்பாவ போன் ஆப்போட நிறுத்த விடாத, கையால எழுதட்டும்.

லீவுக்கு வரும்போது அவளுக்கு கட்டம் போட்ட நோட்டு ஒரு கட்டு எடுத்துட்டு வரேன், ஒவ்வொரு கட்டத்துலயும் குறுக்க, நெடுக்க, மூலைக்கு மூலைன்னு புள்ளிக்கோடு இருக்கும். அதுக்குள்ள அவ எழுதுறத எனக்கு அனுப்பச் சொல்லு. போட்டோ வேணாம்டா, வீடியோவா எடுக்கச் சொல்லு, வரிசை தெரியணும்ல.

அம்மாவ கேட்டதா சொல்லு.

உன் மாப்ள