மணி ஐயரைப் பற்றி, பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூனியர் வக்கீலாக மூன்று வருடம் ஆகியும் சீனியருக்குப் பின்னால் கேஸ் கட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், வயதுதான் போகிறது, பேசாமல் கம்பெனி வேலைக்குப் போய்விடலாமா என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஐகோர்ட்டில் அந்தக் கால நீதிபதி முத்துசாமி ஐயர் சிலையைத் தினமும் தாண்டித்தானே போகிறாய்? அவர் 1895-இல் இறந்தபோது காலியான நாற்காலியில் உட்கார்ந்தவர் நம் மதுரைக்காரர், எஸ். சுப்பிரமணிய ஐயர். மணி ஐயர் என்றால்தான் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். 1842-இல் பிறந்தவர், குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து, இங்கேதான் வருடக்கணக்கில் வக்கீலாக இருந்தார். சென்னைக்குக் குடிபோனதே 1885-இல், 40 வயது தாண்டிய பிறகு! அதற்கு முந்தின வருடம்தான் சட்டசபை உறுப்பினரானார். சென்னைக்குப் போன அதே வருடக் கடைசியில் பம்பாயில் நடந்த முதல் காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்டார். அப்புறம் நீதிபதி, மூன்று முறை தற்காலிகத் தலைமை நீதிபதி, 1900-இல் சர் பட்டம். 1907-இல் பதவியை விட்டு இறங்கினார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதற்கெல்லாம் பிறகு அவர் செய்ததற்காகத்தான். 1917 ஜூனில், இந்தியாவுக்குச் சுயாட்சி கேட்டு ஹோம் ரூல் லீக் இயக்கத்தை நடத்திய அன்னி பெசன்ட்டை பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. அந்த லீக்கின் கௌரவத் தலைவராக இருந்த மணி ஐயர், 74 வயதில், அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதிவிட்டார். இந்தியாவுக்குச் சுயாட்சி தருவதாக வாக்களித்தால் மூன்று மாதத்தில் அப்போது நடந்த முதல் உலகப் போருக்கு 50 லட்சம் பேர் வருவார்கள், அடுத்த மூன்று மாதத்தில் இன்னொரு 50 லட்சம் பேர் வருவார்கள் என்று! அரசாங்கத்துக்குக் கோபம் வராமல் இருக்குமா? பிரிட்டிஷ் அரசில் இந்திய விவகாரங்களைக் கவனித்த மந்திரி மான்டேகுவே வெளிப்படையாகக் கண்டித்தார். இவர் பயந்து பின்வாங்கவில்லை, 1918-இல் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் வேண்டாமென்று துறந்துவிட்டார். வாழ்நாளெல்லாம் அந்த அரசின் சட்டத்தை வைத்தே பிழைத்து, அதன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவருக்கு அது எத்தனை கஷ்டமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்கே நெஞ்சு கனக்கிறது.

கம்பெனி வேலைக்குப் போகாதே என்று சொல்ல வரவில்லை பாப்பா. போவதென்றால் போ, நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம். வயது போய்விட்டது என்ற காரணத்தை மட்டும் சொல்லாதே, உனக்கு 27 தான்.

சித்திரைத் திருவிழாவுக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும்? அம்மா இப்போதே டிக்கெட் போடச் சொல்லி நச்சரிக்கிறாள்.

அன்புடன்,
அப்பா